மாசிலாமணி பாஸின் காலைப் பிடித்தவன்

ராகலை பஸ் நிலையச் சுவரில் கறுப்புக் கரை போட்ட அறிவித்தல் ஒன்று ஒட்டியிருந்தது. யாரோ இறந்துவிட்டார் என்பது கரையைப் பார்த்தாலே தெரியும். முன்பென்றால் பக்கத்தில் நிற்பவரிடம் யாரென்று கேட்டுவிட்டுப் போயிருப்பேன். இப்போது எனக்குப் படிக்கத் தெரியும். தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் சனிக்கிழமைகளில் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில், அறுபத்தாறு வயதில் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். அதனால் சுவரருகே போய் விரலை வைத்து, மா, சி, லா என்று தொடங்கினேன். பெயர் முடிவதற்குள் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. ஆனாலும் விடவில்லை, மேலே படித்தேன்.

நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்த கண்டக்டர் வந்து தோளைத் தொட்டார்.

"அண்ணே, மனசத் தேத்திக்கங்க. நல்ல மனுசன், போய்ட்டாரு."

"கொஞ்சம் இருங்க தம்பி, இன்னும் ரெண்டு வரி கெடக்கு" என்றேன்.

யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாகப் படித்த முதல் அறிவித்தல் அது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு எழுத்துக்கு, எவ்வளவு செய்திக்கு என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

மாசிலாமணியை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவர் மெக்கானிக். எல்லோருக்கும் அவர் பாஸ். வீட்டுக்குப் பின்னால், முன்பு லீக்ஸ் பாத்தியாக இருந்த நிலத்தில் தகரக் கூரை போட்டுக் கராஜ் வைத்திருந்தார். தேயிலை ஃபெக்டரியின் ரோலர் அறையில் இருபது வருடம் வேலை செய்துவிட்டு நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "ரோலரு, இங்க வா. ரோலரு, அத எடு." ஆட்கள் நிற்கும்போது இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்வார். "இவனுக்குக் கொழுந்து நசுக்கத்தான் தெரியும். காரத் தொட்டா காரும் தூளாப் போயிடும்."

அவர் கெட்டிக்காரர் என்பதை மறுக்கவில்லை. எஞ்சின் சத்தத்தைக் கேட்டே நோயைச் சொல்வார். ஆனால் தான் சொன்னது ஒரு தடவையாவது பிழையாய்ப் போனது என்று அவர் ஒத்துக்கொண்டதை நான் கண்டதில்லை. நீங்களும் கண்டிருக்க மாட்டீர்கள்.

அந்த நாட்களில் நாங்கள் மண்ணில் முதுகு பதியப் படுத்துத்தான் காருக்கு அடியில் வேலை செய்வோம். ராகலைக் குளிரில் ஈர மண் முதுகெலும்புக்குள் ஏறும். காரைத் தூக்கி நிறுத்த ஒரு லிஃப்ட் வேண்டும் என்று பாஸ் சொல்லிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் மேல் தோட்டத்துத் தொரை சீமைக்குத் திரும்பப்போவதாகவும், பங்களாச் சாமான்களை விற்பதாகவும் கேள்விப்பட்டோம். இரண்டு பேரும் போனோம்.

தொரையின் கார்க் கொட்டகையில் இரண்டு லிஃப்ட் இருந்தன. ஒன்று எண்ணெயில் வேலை செய்வது. நிலத்துக்குள் புதைத்த ஒற்றைத் தூண், வெள்ளிபோல மின்னியது. பம்பை அடித்தால் அந்தத் தூண் காரைச் சத்தமில்லாமல் மேலே தூக்கும். மற்றது பழையது. மூலையில் சாக்கு மூடிக் கிடந்தது. நான்கு கால்கள், நான்கிலும் திருகாணி. கைப்பிடியைச் சுற்றிச் சுற்றித்தான் ஏற்ற வேண்டும். ஒரு காரை ஏற்றி முடிப்பதற்குள் தோள் கழன்றுவிடும்.

பாஸ் எண்ணெய்த் தூணைத் தடவிக் கொடுத்தார். கோயில் தேரைத் தொடுவது போலிருந்தது அந்தத் தடவல்.

நான் சாக்கைத் தூக்கிப் பார்த்தேன். "பாஸ், இத எடுப்போம்" என்றேன்.

"ஏன்?"

"ரோலர் மெஷினுக்கு மேல ஒரு மூடி இருக்குல்ல பாஸ். அதத் திருகாணியாலதான் எறக்குவோம். பாதியில கைய எடுத்தாலும் அது அங்கனயே நிக்கும். இருவது வருசத்துல ஒரு தடவையும் தானா எறங்கினதில்ல. எண்ணெயை நம்பி அடியில போக முடியாது."

தொரையின் டிரைவரும், சாமான் பார்க்க வந்தவர்களும் நின்றார்கள். பாஸுக்கு அது போதும்.

"கேட்டீங்களா? பேரெழுதத் தெரியாதவரு நமக்கு மெஷின் தெரிஞ்செடுக்கிறாரு. தொரையே வேணாம்னு மூலையில போட்டத நான் தூக்கிட்டுப் போகவா? ரோலரு, ஒனக்கு மூடி வேணும்னா வாயில போட்டுக்க."

எல்லோரும் சிரித்தார்கள். எண்ணெய் லிஃப்ட் வந்து சேர்ந்தது.

அதை நட்ட விதம் இன்னொரு கதை. ஆழமாகக் குழி வெட்டினோம். அடியில் கொங்கிறீட் போட வேண்டும் என்று தொரையின் டிரைவர் சொல்லியிருந்தார். பாஸ் கொங்கிறீட் போடவில்லை. கொடிமரம் நடுவது போலக் குழிக்குள் நவதானியம் தூவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, தேங்காய் உடைத்து, ஆற்றுக் கல்லைப் போட்டு மண்ணால் மூடினார். லீக்ஸ் பாத்தி மண். மழை பெய்தால் ஊறும். பூசை முடிந்ததும் தூணில் சந்தனப் பொட்டு வைத்துவிட்டுச் சொன்னார்: "மேல போனது நான் சொன்னாத்தான் கீழ வரும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கரின் காரை ஏற்றினார். அழகாகத்தான் ஏறியது. பிறகு என்னைப் பார்த்து, "போ அடியில" என்றார்.

நான் தூணையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஏறி நின்றதும், மண்ணுக்கு நாலு விரற்கடை மேலே, தூணில் கரியால் ஒரு கோடு இழுத்திருந்தேன். ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் அந்தக் கோடு விரற்கடை அளவு கீழே போயிருந்தது.

"முடியாதுங்க பாஸ்."

"என்ன முடியாது?"

"எறங்குது. பாருங்க."

"ஓங் கண்ணுதான் எறங்குது. போறியா, வேலைய விட்டுப் போறியா?"

வீட்டில் ஐந்து வயிறு. இருந்தும் நான் நகரவில்லை. அதுவரை யாரிடமும், தொரையிடமும் கங்காணியிடமும்கூட, முடியாது என்று நான் சொன்னதில்லை.

"அப்ப வீட்டுக்குப் போ. ஒன்னையப்போல பயந்தாங்கொள்ளி எனக்குத் தேவையில்ல" என்று சொல்லிவிட்டு, ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவரே காருக்கு அடியில் போய் உட்கார்ந்தார். கால் இரண்டையும் வெளியே நீட்டியிருந்தார். உள்ளேயிருந்து என்னைத் திட்டும் குரலும் ஸ்பேனர் சத்தமும் மாறி மாறிக் கேட்டன.

நான் போகவில்லை. வாசலில் நின்று கோட்டைப் பார்த்தேன். கோடு மண்ணைத் தொட்டது. தூணைச் சுற்றி எண்ணெய் கசிந்தது. "பாஸ், வெளிய வாங்க!" என்று கத்தினேன். "இன்னும் போகலியா நீ?" என்றார். உஸ் என்று ஒரு சத்தம். பாய்ந்து அவருடைய இரண்டு கணுக்காலையும் பிடித்து இழுத்தேன். அவர் வந்தார், இடுப்பில் கட்டியிருந்த சாரம் வரவில்லை. கார் இறங்கி முக்காலியை நொறுக்கியது.

மண்ணில் கிடந்தவர் எழுந்து, சாரத்தைக் காரிலிருந்து பிடுங்கிச் சுற்றிக்கொண்டு, என் கன்னத்தில் அறைந்தார். "என் காலையா புடிக்கிற?"

மறுவாரம் பழைய திருகு லிஃப்ட் கராஜுக்கு வந்தது. அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் தான் முதலிலேயே தெரிந்தெடுத்தது அதுதான் என்றார். என்னையும் திரும்பக் கூப்பிட்டார். என்னைப் பற்றி என்ன சொன்னார் என்று உங்களில் பலருக்கு நினைவிருக்கும்: "வேலைய விட்டு நிப்பாட்டினேன். என் காலைப் புடிச்சான். பாவம்னு சேத்துக்கிட்டேன்."

அதில் பொய்யான சொல் ஒன்றும் இல்லை. காலைப் பிடித்தேன்தான். மனுசன் எவ்வளவு கெட்டிக்காரர் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். ராகலை முழுவதும் நான் கெஞ்சி வேலை வாங்கியவன் ஆனேன். தோள் முடியாமல் கராஜை விட்டு நின்ற பிறகு, வகுப்பில் சேரப் போன அன்றும் ஒருவர், "யாரு, பாஸோட காலைப் புடிச்சவரா?" என்றார்.

அறிவித்தலைப் படித்த அன்றே இறந்த வீட்டுக்குப் போனேன். வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பிரேதத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். என் முறை வந்ததும் நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தலைமாட்டில் இருந்த அவருடைய மனைவி செல்லம்மா, "தொட்டுக் கும்பிடுங்கண்ணே" என்றார்.

"ஒரு தடவை புடிச்சாச்சு தங்கச்சி. போதும்."

கூட்டம் முகம் சுளித்தது. செல்லம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆமாண்ணே. நான் குசினி சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க இழுக்காட்டி அன்னிக்கே நான் தாலி அறுத்திருப்பேன்."

அன்றிலிருந்து ஏழு வருடம் இதைச் சொல்லாமல் இருந்தாரே என்று அவர்மீதும் எனக்குக் கோபம் வந்தது. அதைச் சொல்லும் இடம் அதுவல்ல என்று திரும்பி வந்துவிட்டேன்.

மாசிலாமணி பாஸை நான் மன்னிக்கவில்லை. அவரிடம் கற்ற தொழிலை என் தோள் மறந்துவிட்டது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் வாழ்ந்த ஏழு வருடங்களை. அந்த வருடங்களில் அவர் மகளுக்குக் கல்யாணம் செய்தார், பேரப்பிள்ளையைத் தூக்கினார், தினமும் வெற்றிலை போட்டார், நான் கராஜில் இருந்தவரை தினமும் என்னைத் திட்டினார். அத்தனையையும் நான்தான் காருக்கு அடியிலிருந்து இழுத்து வெளியே போட்டேன்.