குதிரைக்காரன் கையில் கஞ்சி

1. காலி நாற்காலி

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை தொடங்கி வெகு நேரமாகியும் பிரெஞ்சு துரையின் நாற்காலி காலியாகவே இருந்தது. ஆரணியில் எங்கள் மாதா கோயில் சின்னது. முன்னால் துரைக்கு ஒரு நாற்காலி, பின்னால் எங்களுக்கெல்லாம் தரை. வாரம் தவறாமல் வருகிற மனிதர் வரவில்லையென்றால் மற்றவர்கள், அவர் உடம்புக்கு என்னவோ என்று நினைப்பார்கள். நான் போலீஸ்காரன். என்ன செய்தாரோ என்றுதான் நினைத்தேன்.

அப்போது நான் ஆரணி ஸ்டேஷனில் ஹெட் கான்ஸ்டபிள். ஊரார் ஏட்டையா என்பார்கள். புதிதாக உத்தியோகத்தில் சேர்கிறவர்களுக்கு உதவும் என்று இந்த ஒரு கேஸை மட்டும் விரிவாக எழுதுகிறேன். திருட்டுக் கேஸில் ஒருவன் பொய் சொல்வான், ஒருவன் உண்மை சொல்வான், நாம் நடுவில் நின்று பார்த்தால் போதும். இந்தக் கேஸில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். அந்த ஒற்றுமைதான் எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

துரையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவர் பிரான்சில் பட்டு நெய்யும் ஊர் ஒன்றிலிருந்து இங்கே பட்டு வாங்க வந்து, ஆற்றோரம் ஒரு பங்களாவில் தனியாக இருந்தார். வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரர்தான், ஆனால் இங்கிலீஷ்காரர் அல்ல. இங்கிலீஷ்கார அதிகாரிகள் அவரை விருந்துக்குக் கூப்பிடுவதில்லை, அவரும் அவர்களை நம்புவதில்லை. அவருக்கு இந்த ஊரில் இருந்த ஒரே துணை குதிரைக்காரன் காசிம். துரை தமிழ் கற்றதும் அவனிடம்தான். அதனால் அவர் வாயைத் திறந்தால் லாயத்துத் தமிழ்தான் வரும்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது கான்ஸ்டபிள் ஒருவன் காத்திருந்தான். நெசவுத் தெருவில் துரையின் வண்டி ஒரு வீட்டுக் கம்பத்தில் மோதிச் சாய்ந்துவிட்டதாம். காசிமின் காலில் சக்கரம் ஏறிவிட்டதாம். அவனை டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். நான் வீட்டுக்குப் போய் யூனிபாரம்கூடப் போடாமல் அப்படியே தெருவுக்குப் போனேன்.

2. பாவு இல்லாத தெரு

ஆரணி நெசவுத் தெருவைக் காலையில் பார்த்தவர்களுக்குத் தெரியும். தறியில் ஏற்றுவதற்கு முன் பட்டு இழைகளை, அதாவது பாவை, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, மூங்கில் கால்கள் மேல் நிறுத்தி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். அந்த நேரத்தில் வண்டி வந்தால் ஒரு முறை உண்டு. வண்டியில் இருப்பவன் ஒருவன் இறங்கி முன்னால் ஓடி வந்து குரல் கொடுக்க வேண்டும். தெருக்காரர்கள் மூங்கிலோடு பாவைத் தூக்கி வலப்பக்கம் நகர்த்துவார்கள். இறங்கி வந்தவனும் ஒரு மூங்கிலைப் பிடிக்க வேண்டும். வண்டி இடப்பக்கமாகப் போய்விடும். எந்தச் சர்க்கார் உத்தரவிலும் இது கிடையாது. ஆனால் இதை மீறின வண்டிக்காரனை நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு நல்ல வெயில், காற்றும் இல்லை, தெருவில் சாவும் இல்லை. ஆனால் ஒரு பாவுகூட இல்லை. அதைவிட, பொழுது ஏறின பிறகு தெரு முழுக்கப் புதிதாகச் சாணி தெளித்திருந்தது. எந்த ஊரிலாவது பத்துப் பதினைந்து வீட்டுப் பெண்கள் சேர்ந்து உச்சி வேளைக்கு வாசல் தெளிப்பார்களா? சக்கரத் தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

குப்புசாமி என்ற நெசவாளி எனக்காகவே நின்றிருந்தவன் போல முன்னால் வந்தான். அந்தத் தெருவில் அவன் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்.

"நாயி ஒண்ணு குறுக்க வந்துச்சுங்க. குதிர மெரண்டுடுச்சு. காசிம்தாங்க ஓட்டிகினு வந்தான், அவனே கீழ வுழுந்துட்டான். துரை சும்மா குந்திகினு இருந்தாரு."

"பாவு ஏன்யா போடலே இன்னிக்கு?"

"போடலீங்க."

"அதான் ஏன்னு கேக்குறேன்."

"போடலீங்க" என்றான் மறுபடியும்.

அடுத்த வீட்டில் கேட்டேன். நாய் குறுக்கே வந்தது, குதிரை மிரண்டது, காசிம் ஓட்டினான், துரை சும்மா உட்கார்ந்திருந்தார். எதிர் வீட்டிலும் அதே நாய், அதே வரிசை. நாயின் நிறத்தைக் கேட்டபோது மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

மோதின கம்பத்தையும் போய்ப் பார்த்தேன். துரையின் வண்டி பச்சை வண்ணம் பூசியது. அந்தப் பச்சை கம்பத்தில் அப்பியிருந்தது. ஆனால் அது தெருவின் வலப்பக்கத்து வீடு. காசிம் பக்கத்துச் சந்தவாசல்காரன். பிறந்ததிலிருந்து இந்த ஜில்லா ரோடுகளில் இடப்பக்கமாக வண்டி ஓட்டினவன். அவன் கை ஏன் வலப்பக்கம் போகிறது என்று யோசித்துக்கொண்டே பங்களாவுக்குப் போனேன்.

துரை கதவருகிலேயே நின்று பேசினார். "நான் ஓட்டலே. காசிம் ஓட்டினான். நாயி வந்துச்சு" என்றார். அதே நாய். பாவம், தெருக்காரர்களைவிட மோசமாகப் பொய் சொன்னார். என் கண்ணையே பார்க்கவில்லை.

3. குற்றவாளியும் ஒத்துக்கொண்டான்

டிஸ்பென்சரியில் காசிம் மரக்கட்டிலில் கிடந்தான். முழங்காலுக்குக் கீழே பின்பக்கமாக நசுங்கியிருந்தது. கால் பிழைக்கும், ஆனால் மடங்காது என்றார் டாக்டர். சக்கரம் பின்னாலிருந்து ஏறியிருக்கிறது. லகானைப் பிடித்து ஓட்டுகிறவன் முன்னால் விழலாம், பக்கத்தில் விழலாம். தன் வண்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க முடியாது.

"யார்ரா ஓட்டினது?"

"நான்தான் ஏட்டு சாப். நாயி வந்துச்சு. ஜல்தியா இஸ்துட்டேன், தப்பாயிடுச்சு."

காலைத்தான் கழுவிக் கட்டியிருந்தார்கள், கையைக் கழுவவில்லை. இரண்டு உள்ளங்கையிலும் வெள்ளையாக ஏதோ காய்ந்து செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. விரலிடுக்கில் சிவப்புப் பட்டு இழை ஒன்று.

"கையில இன்னாடா?"

"குதிரைக்குக் கஞ்சி வெச்சேன் சாப்."

"உன் குதிரை பட்டு நூல் போட்ட கஞ்சியா குடிக்குது?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

எனக்கு அப்போதே எல்லாம் விளங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். துரை தப்பிக்கப் பார்க்கிறார், தெருவை மிரட்டியிருக்கிறார், காலையும் இழந்து ஜெயிலுக்கும் போகப்போகிறவன் இந்த அப்பாவி. கோயிலில் முன்னால் நாற்காலி போட்டு உட்காருகிற மனிதர் இப்படியா! நேரே இன்ஸ்பெக்டரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் சாப்பாட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "யோவ் ஏட்டு, துரை சொல்றாரு, தெருவே சொல்லுது, குத்தவாளியே ஒத்துக்கினான். உனக்கு மட்டும் இன்னாய்யா பேஜாரு?"

"அதாங்க பேஜாரு. எல்லாரும் ஒண்ணையே சொல்றாங்க."

"நாளைக்குக் காசிம் மேல, தாறுமாறா வண்டி ஓட்டினான்னு சார்ஜ் போடு. துரை மேல கைய வெச்சு என் உத்தியோகத்துக்கு உல வெக்காதே."

நாளைக் காலை வரை எனக்கு அவகாசம் இருந்தது.

4. துரையின் கை

சாயங்காலம் மறுபடியும் பங்களாவுக்குப் போனேன். வண்டியில் ஒரு பக்கம் வண்ணம் உரிந்ததே தவிர வேறு சேதமில்லை.

"காசிம் உங்களப் பாக்கணும்னான், துரை. வண்டியில போயிடலாம்" என்றேன். அவன் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. போலீஸ்காரனுக்கு இந்த அளவு சலுகை உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

துரை தயங்கினார். "யார் ஓட்டுறது?"

"நீங்கதான். எனக்குக் குதிர பழக்கமில்ல."

காலையில் ஓட்டவே இல்லை என்று சொன்ன மனிதர், ஓட்டத் தெரியாது என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். லாயத்துக்குப் போய்க் குதிரையைத் தாமே பூட்டினார். காசிமைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு நிஜமாகவே இருந்தது. அதை நான் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ரோட்டில் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போனோம். நான் ரோட்டைப் பார்க்கவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆற்றுத் திருப்பத்தில் தெள்ளார் நெல் வண்டி ஒன்று எதிரே வந்தது. துரையின் கை ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. லகானை வலப்பக்கமாக இழுத்துவிட்டது. நெல் வண்டிக்காரன் மாட்டை இழுத்துப் பிடித்து, "எந்தப் பக்கம்யா வரே?" என்று கத்தினான். நான் எட்டி லகானைப் பற்றி இடப்பக்கம் இழுத்தேன். சக்கரமும் சக்கரமும் உரசாத குறை.

துரை வண்டியை ஓரத்தில் நிறுத்தினார். என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல இந்தப் பக்கம்தான் ஓட்டுவாங்க" என்றார். "தினம் காசிம் ஓட்டுவான். இன்னிக்குக் கோயிலுக்கு வரப்போ நான் ஓட்டினேன். காசிம் எறங்கி பாவு முனையில மூங்கி புடிச்சுகினு இருந்தான். எதுத்தாப்ல மாட்டு வண்டி வந்துச்சு. என் கை எங்க ஊருக்குப் போயிட்ச்சு."

எனக்குக் கோபம் தணியவில்லை. "கை போச்சு, சரி. வாய் ஏன் போச்சு? அவன் தலைல ஏன் போட்டீங்க?"

"நான் போடலே" என்றார். "அவன் சொன்னான். கீழ கெடந்துகினே சொன்னான். நாயின்னு சொல்லு, நான் ஓட்டினேன்னு சொல்லு, பாவு இல்லன்னு சொல்லு. எல்லாருக்கும் அவன்தான் சொன்னான். எனக்கு இங்க யாரும் இல்ல. இங்கிலீஷ்காரன் என்னை இன்னா பண்ணுவான்னு தெரியாது. பயந்துட்டேன்."

நான் நம்பவில்லை. வண்டியை நெசவுத் தெருவுக்கு விடச் சொன்னேன். துரையோடு என்னைப் பார்த்ததும் குப்புசாமிக்குப் புரிந்துவிட்டது.

"ஆமாங்க" என்றான். "கேஸுன்னு ஆனா தெருவுல பாவே போடக்கூடாதுன்னு சர்க்கார் சொல்லிடும், எல்லாரும் பட்டினிதான்னு காசிம் பாய்தாங்க சொன்னாரு. கால் மேல சக்கரம் ஏறிச்சுங்க, அப்பவும் மூங்கில வுடல அவரு. என் பாவுல நாலு இழ கூட அறுந்து போவல. அப்படிப்பட்டவர் சொன்னா நான் எப்படிங்க மாட்டேன்னு சொல்றது?"

5. காசிமின் கணக்கு

ஸ்டேட்மெண்டை மாற்றி எழுதினேன். துரை கையெழுத்துப் போட்டார். வழக்கப்படி பாவை நகர்த்தியிருந்தார்கள், தெருக்காரர்கள் மேல் குற்றமில்லை என்பதையும் அழுத்தமாக எழுதிவைத்தேன். பிறகு, நல்ல காரியம் செய்த பெருமையோடு டிஸ்பென்சரிக்குள் நுழைந்து காசிமிடம் சொன்னேன். "உன் மேல கேஸ் இல்லடா. துரை ஒத்துக்கினாரு."

அவன் கண்ணீர் விடுவான் என்று எதிர்பார்த்தேன். விட்டான். ஆனால் சந்தோஷத்தில் அல்ல.

"யார் கேட்டாங்க உங்கள?" என்றான். "மடங்காத காலு. நாளைக்கு எந்த லாயத்துல எனக்கு வேல குடுப்பாங்க? துரைக்காக நான் ஜெயிலுக்குப் போய் வந்திருந்தா, ஆயுசுக்கும் என் புள்ளைங்களுக்குச் சோறு போட்டிருப்பாரு. இப்போ அவருக்கு என்மேல என்ன கடமை சாப்? இஷ்டமானா வெச்சுக்குவாரு, இல்லன்னா கப்பலேறிப் போயிடுவாரு. எல்லாத்தயும் கெடுத்துட்டீங்களே."

துரை என் பின்னால் நின்றிருந்தார். காசிம் பேசினது அத்தனையும் அவன் சொல்லிக்கொடுத்த தமிழ்தானே, அவருக்குப் புரியாமல் இருக்குமா? கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, காய்ந்திருந்த கஞ்சியை நகத்தால் மெல்லச் சுரண்டி எடுக்கத் தொடங்கினார். நான் வெளியே வந்துவிட்டேன்.

ஜில்லா மாஜிஸ்ட்ரேட் துரைக்கு அபராதம் போட்டு அனுப்பிவிட்டார். துரை பயந்த அளவுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இன்ஸ்பெக்டர் என்னோடு வெகு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நெசவுத் தெருவில் பாவு மறுநாளே நீண்டது, எந்தத் தடையும் வரவில்லை.

இந்தக் கேஸில் நான் கற்றது இதுதான். நாலு பேர் ஒரே வார்த்தையைச் சொன்னால் சந்தேகப்படுங்கள், வாயை விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். ஆனால் பொய்யை உடைப்பதற்கு முன், அதை யார் கட்டினார்கள், அதற்குள் யார் குடியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அதற்காக உடைக்காமல் விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உடைத்த பிறகு நன்றியை எதிர்பார்த்து நிற்காதீர்கள்.

துரை கப்பலேறவில்லை. நல்ல மனசா, வெட்கமா, இல்லை வேறு யாரோடும் பேசத் தெரியாததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சில மாதம் கழித்து அந்தப் பச்சை வண்டி நெசவுத் தெருவுக்குள் வருவதைப் பார்த்தேன். மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு காசிம் லகானைப் பிடித்திருந்தான். பாவு நீண்டிருந்த இடத்தில் வண்டி நின்றது. இறங்கி முன்னால் ஓடி, குரல் கொடுத்து, மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவர் துரை. கையெல்லாம் கஞ்சி.

காசிம் வண்டியை இடப்பக்கமாக ஓட்டிப்போனான். எந்தப் பக்கம் போகிறான் என்று கடைசி வரை நின்று பார்த்துவிட்டுத்தான் நான் ஸ்டேஷனுக்குத் திரும்பினேன்.