வேர்வை துடைக்கத்தான் துண்டை எடுத்தார்

அண்ணன் செத்துப்போன சேதி வந்தபோது என் டீக்கடையில் அவரைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்கள். தேவாரம் பக்கத்தில் எங்கள் ஊர்; கால்பந்து மைதானத்துக்கு எதிரே என் கடை. நம்ம டீம் முதல் டிவிஷனுக்கு ஏறாமல் போனதிலிருந்து அங்கே வேறு பேச்சே கிடையாது.

"ஏலே, ஒரே சீசன்ல மூணு கோச்ச மாத்துனா டீம் எப்படி வெளங்கும்?"

"புதுக் கோச்சு என்னடா பண்ணுவான்? பழைய கோச்சுதான் துண்ட எடுத்துக் கெடுத்தாகல்ல. தன்னத் தூக்குன கடுப்பு."

"மெல்லப் பேசுடா, அவுக தங்கச்சி டீ ஆத்துது."

"ஆத்தட்டும். நம்ம டீயில சீனியக் கொறைக்காம இருந்தாச் சரி."

அவர்கள் சிரித்து முடிக்கும் முன்னே மதினியிடமிருந்து போன். "ஒங்கண்ணன எழுப்புறேன், எந்திரிக்க மாட்டேங்குறாக ஆத்தா" என்று அலறினார். கொதிக்கிற பாலை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

நம்ம டீமின் பழைய கோச் சவரிமுத்து அண்ணனை ஊரில் எல்லோருக்கும் தெரியும். நான் அதிகம் படிக்காதவள். வந்த மாதிரி எழுதுகிறேன்.

சத்தம் போட்டால் அவருக்கு இருமல் வந்துவிடும். அதனால் கோட்டுக்கு வெளியே நின்று துண்டால்தான் பேசுவார். துண்டு தோளில் கிடந்தால் ஏறி ஆட வேண்டும். கையில் எடுத்தால் எல்லோரும் பின்னால் இறங்கி கோலைக் காக்க வேண்டும். திராட்சைத் தோட்டத்தில் மருந்தடித்துவிட்டு ஆட வருகிற பையன்களுக்கு அது பழகிப்போனது. "கத்துனா எதிராளிக்கும் கேக்கும். துண்டு நம்ம வீட்டுப் பேச்சு" என்பார்.

கமிட்டி அவரை நீக்கியது. அல்லிநகரத்திலிருந்து ஒருவர் வந்தார், அவரும் சரியில்லை என்று கேரளாவிலிருந்து ஒருவரைக் கூட்டிவந்தார்கள். இனிமேல் துண்டைப் பார்க்காதே என்று பையன்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

கடைசி ஆட்டம் தேனியில். ஜெயித்தால் ஏறிவிடலாம். ஒரு கோல் முன்னால் இருந்தோம். அண்ணன் கூட்டத்தோடு கூட்டமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வெயிலே இல்லை, அவருக்கு மட்டும் வேர்த்து ஊற்றியது. "நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்கு ஆத்தா" என்று சொல்லித் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பழக்கத்தில் இந்தப் பக்கம் பார்த்த பையன்கள் அப்படியே பின்னால் இறங்கிவிட்டார்கள். புதுக் கோச் ஏறி ஆடச் சொல்லி மலையாளத்தில் "கேறு, கேறு" என்று தொண்டை கிழியக் கத்தினார். பந்து எதிராளி காலுக்குப் போனது. கோலும் விழுந்தது. ஆட்டம் சமமாகவே முடிந்தது.

அண்ணன் போய்ப் புதுக் கோச்சின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பு எம்மேலதான் தம்பி. பயலுகள வையாதீக" என்றார். பையன்களைக் காப்பாற்றச் சொன்ன சொல் அது. ஊர் அதையே பிடித்துக்கொண்டது. அவரே ஒத்துக்கொண்டார், வேண்டுமென்றே செய்தார் என்று பேசினார்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன், கெஞ்சினேன். "இப்பப் போனா நடிக்கிறான்னு சொல்லுவாக. இந்தப் பேச்சு அடங்கட்டும்" என்றார். பேச்சு அடங்கவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் மண் போடும்போதே எனக்குப் பின்னால் அடுத்த கோச் யார் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். ஆட்டக்காரப் பையன்கள் உள்ளே வரத் துணியாமல் கேட்டுக்கு வெளியே நின்று அழுதார்கள்.

சாவதற்கு முந்தின நாள் என்னிடம் ஒன்று கேட்டார். "நீயாவது நம்புறியா ஆத்தா?"

நம்புறேண்ணே என்றேன். ஒருத்தி நம்பினது அவருக்குப் போதவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் அதைக் கேட்கிறேன். சிலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். சிலர் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். நாளைக்கும் கேட்பேன்.