ஒரு மில்லியில் நிறம் வரவில்லை

செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தபோது செய்தி வந்தது. ஆய்வக உதவியாளர் முனுசாமி அலுவலகத்துத் தொலைபேசியைக் கேட்டுவிட்டு வந்து கதவருகே நின்றார். "சரோஜாம்மா தவறிட்டாங்களாம்மா. ராஜா அண்ணாமலைபுரத்து வூட்லேர்ந்து சொன்னாங்க." என்னோடு இங்கே வேதியியல் நடத்தியவர் சரோஜா. ஆனாலும் தேர்வை நிறுத்த முடியாது. மாணவிகளின் பியூரெட் அளவுகளைக் குறித்துக்கொண்டே இருந்தேன்.

மயிலாப்பூர் இரங்கல் கூட்டத்துக்கு, அவரை அறிந்த உங்களில் பலர் வந்திருந்தீர்கள். "அதிர்ந்து பேசத் தெரியாதவர்" என்று ஒருவர் மேடையில் உருகினார். அவர்தான் சில வருடங்களுக்கு முன் சரோஜா விடைத்தாள் திருத்திய முகாமின் தலைமைத் தேர்வாளர். அதனால் இதை எழுதுகிறேன்.

புகுமுக வகுப்புத் தேர்வில் ஒரு கணக்கு. பி.எச். மூன்று உள்ள நூறு மில்லி அசிட்டிக் அமிலத்தை நடுநிலையாக்க, டெசிநார்மல், அதாவது பத்தில் ஒரு நார்மல், காஸ்டிக் சோடாக் காரம் எவ்வளவு வேண்டும்? விடைக்குறிப்பு ஒரு மில்லி என்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலமானால் அது சரி. அசிட்டிக் அமிலம் நீரில் கொஞ்சமே பிரியும், பி.எச். காட்டுவது பிரிந்த அந்தக் கொஞ்சத்தை மட்டும். காரம் சேரச் சேர மிச்சமும் பிரிந்து வரும். சரியான விடை ஐம்பத்தாறு மில்லிக்குமேல். அப்படி எழுதிய பெண்களுக்குப் பூஜ்யம் போடச் சொன்னார்கள். மருத்துவக் கல்லூரி இடம் கைவிட்டுப் போக அந்த மதிப்பெண்கள் போதும்.

சரோஜா வாதாடவில்லை. முகாம் நடந்ததே எங்கள் கல்லூரியில்தான். அதே அமிலத்தைக் கலந்து, காரம் மிஞ்சியதும் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீனைச் சொட்டுவிட்டு, தலைமைத் தேர்வாளரை ஆய்வகத்துக்கு அழைத்துவந்தார். தியாகராய நகரில் வளர்ந்தும் சரோஜாவுக்குத் திருநெல்வேலிப் பேச்சு போகவில்லை.

"சார், நீங்க சொன்ன ஒரு மில்லி விட்டாச்சு. நிறம் வந்துட்டா?"

"என்னத்துக்கும்மா இந்த வித்தையெல்லாம்?"

"நீங்க பாருங்க, சார்."

ஐம்பது மில்லி பியூரெட் காலியாகி, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. குடுவையைப் பிடித்திருந்த முனுசாமி, "இன்னாம்மா, இன்னும் எவ்ளோதான் குடிக்கும் இது?" என்றார். கொஞ்ச நேரத்தில் இளஞ்சிவப்பு வந்து நின்றது.

தலைமைத் தேர்வாளர் கண்ணாடியைத் துடைத்தார். "நன்னாத்தான் செஞ்சேள். ஆனா ஆன்ஸர் கீ அச்சாயிடுத்து. அதை மாத்த முடியாது."

"சரியாப் போட்ட புள்ளைக்குப் பூஜ்யம் போட எனக்குக் கை வராது, சார்."

சரோஜா முழு மதிப்பெண் போட்டார். அந்த விடைத்தாள் கட்டை வேறொருவரிடம் கொடுத்து மறுபடி திருத்தவைத்தார்கள். அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று யாருக்கும் தெரியாது. மறு வருடத்திலிருந்து சரோஜாவுக்கு முகாமுக்கு அழைப்பே வரவில்லை. காரணம் கேட்டு எழுதுங்கள் என்றேன். "எழுதினா மட்டும் நிறம் மாறிருமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு அன்றே எனக்கு எரிச்சல் தந்தது. இன்று, பதில் சொல்ல அவர் இல்லாதபோது, அந்த எரிச்சல் கூடியிருக்கிறது.

விடைக்குறிப்பைப் பார்ப்பதற்கு முன் எல்லாக் கணக்கையும் தானே ஒருமுறை போட்டுப் பார்ப்பது சரோஜாவின் வழக்கம். "கீ எழுதினவரும் மனுஷர்தான?" என்பார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அது ஒன்றுதான். நேற்று இந்த வருடத்துக் கணக்குகளைப் போட்டுப் பார்த்தேன். ஏழாவது கணக்கின் விடைக்குறிப்பு தவறு.

நாளை காலை முகாமில் அதைச் சொல்வேன். பியூரெட்டைக் கழுவி வைக்க முனுசாமியிடம் சொல்லியிருக்கிறேன்.