கனமான விசை

நாங்கள் கோவிலுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுகர் லேண்ட் என்ற இந்த அமெரிக்க ஊரில் எங்கள் வீட்டின் பின்கதவை உடைத்து நகைகளை எடுத்துப் போய்விட்டார்கள். அதன் பிறகு என் கணவருக்குச் சரியான தூக்கமே இல்லை. ஓய்வுபெற்ற இன்ஜினீயர். சின்னச் சத்தம் கேட்டாலும் எழுந்துபோய்க் கதவைத் தொட்டுப் பார்ப்பார். ஒருநாள் காப்பி குடித்துக்கொண்டே, "துப்பாக்கி ஒண்ணு வாங்கிடலாம்" என்றார்.

துப்பாக்கிக் கடைக்காரர் இரண்டு ரிவால்வர்களைக் கண்ணாடி மேசையில் வைத்தார். ஒன்று மலிவானது, ரப்பர் பிடி. மற்றது மரப்பிடி போட்டு, பளபளவென்று, விலை கூடியது. டிஷ்வாஷர் வாங்கியபோது கேட்டது போலவே இவர் கேள்விமேல் கேள்வி கேட்டார். குண்டு இல்லாத துப்பாக்கிகளின் விசையை இழுத்துப் பார்த்தார். விலை கூடியது வழுக்கிக்கொண்டு வந்தது. மலிவானதை இழுக்க விரலில் பலம் வேண்டியிருந்தது.

"இதையே வாங்கிக்கலாம்" என்று மலிவானதைக் காட்டினார்.

"அதுதானே ஈஸியா இருக்கு?" என்று விலை கூடியதைக் காட்டினேன்.

"அதான் வேணாங்கறேன். பாப்பா வந்து போற வீடு. அவ இழுத்தா இது அசையாது."

பாப்பா எங்கள் பேத்தி. வெள்ளிக்கிழமையானால் எங்களோடு தங்க வந்துவிடுவாள். அவளுக்காகவே, துப்பாக்கியை வைக்க ஒரு பூட்டுப்பெட்டியும் வாங்கினார்.

மகளிடம் அவரே சொன்னார். ஒளிக்கத் தெரியாத மனிதர்.

"ஆர் யூ சீரியஸ், அப்பா?"

"பெட்டில பூட்டித்தாம்மா வெச்சிருக்கேன். ட்ரிகர்கூட ரொம்ப டைட்."

"டைட்டா இருந்தா என்ன? அது அந்த வீட்ல இருக்கற வரைக்கும் அவள அனுப்ப மாட்டேன்."

"அம்மாவ வெச்சுக்கிட்டு நான் எப்படிம்மா தூங்கறது?" என்று கேட்டார். இருவருமே பிடிவாதக்காரர்கள், இருவர் சொன்னதிலும் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

பிறகு நாங்கள்தான் அவர்கள் வீட்டுக்குப் போனோம். சாப்பிட்டோம், திரும்பினோம். அப்படியே இரண்டு வருஷம் போயிற்று. ஒரு மத்தியானம், மளிகைக் கடை வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஸ்டீயரிங்கில் சாய்ந்தபடியே போய்விட்டார்.

காரியங்கள் முடிந்ததும் மாப்பிள்ளை அந்தத் துப்பாக்கியைக் கடையில் கொடுத்துவிட்டு வந்தார். அதிலிருந்து ஒரு குண்டுகூட வெடித்ததில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மகள் பேத்தியை அழைத்து வந்து விட்டுவிட்டுப் போனாள். பேத்திக்குப் பிடித்த தோசை வார்த்தேன். பாதி சாப்பிட்டாள். இரண்டு வருஷமாக வராத அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

"பாட்டி, கேன் ஐ கோ ஹோம்?"

மகளுக்கு போன் பண்ணினேன். இருட்டுவதற்குள் வந்து கூட்டிக்கொண்டு போனாள்.