சுருதிக்காரனின் டீசல் வண்டி

மரக்கரண்டியின் கிண்ணத்தை ஓடும் எஞ்சின் மேல் ஊன்றி, காம்பைக் காதில் வைத்து, கண்ணை மூடி நிற்கிறார் தசிம். கரண்டியைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துகிறார். உதட்டைப் பிதுக்குகிறார். இன்னும் கொஞ்சம் நகர்த்துகிறார். மாடி ஜன்னலிலிருந்து மனைவி பெத்ரியேயின் குரல் வருகிறது.

"ஏ மனுசா, அது நான் பீன்ஸ் கிண்டுற கரண்டி. இன்னிக்கி டீசல் நாத்தத்தோட நீயே தின்னு."

"வேற கரண்டியில சரியா கேக்க மாட்டேங்குது."

கிண்டல் இல்லை. வீட்டிலுள்ள எல்லாக் கரண்டிகளையும் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறார்.

தெப்பெலேனா என்ற மலையூரில், சந்தைத் தெரு முனையில் அவருக்கு முடிதிருத்தும் கடை. ஒரே நாற்காலி. உட்காருபவர்கள் பேசுவார்கள், தசிம் "ம்ம்" என்பார். விலைவாசிக்கும் அதே "ம்ம்", சாவுக்கும் அதே "ம்ம்". அவர் பாட்டும் ஏறக்குறைய அதுதான். அந்த மலைப்பக்கத்துப் பாட்டுக்கு வாத்தியம் கிடையாது. ஒருவர் பாட்டை எடுப்பார், இன்னொருவர் திருப்பிக் கொடுப்பார், மற்றவர்கள் அடியில் சுருதி பிடிப்பார்கள். சுருதிக்காரனுக்கு வார்த்தை இல்லை. ஒரே ஒலி, பாட்டு முடியும்வரை. மூச்சு எப்போது வாங்கினான் என்று பக்கத்தில் நிற்பவனுக்கே தெரியக்கூடாது. "நான் எங்க பாடறேன்? அவங்க பாடறாங்க, நான் கீழ நிக்கறேன்" என்பார் தசிம். அவர் பேச்சில் அது நீளமான வாக்கியம்.

குழுவில் ஐந்து பேர். எடுப்பவர் கசாப்புக்கடை ஹூசோ. திருப்பிக் கொடுப்பவர் லாம்ப்ரோ. சுருதிக்குத் தசிமும், எப்போதும் ஒட்டியே திரியும் சகோதரர் இருவரும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் தசிமின் வண்டியில்தான். சதுர முகம் கொண்ட பழைய ஜெர்மன் டீசல். ஒரு காலத்தில் பச்சை. பாலத்துக்கு அந்தப்பக்கம் அது வரும்போதே கடை வாசலில் காத்திருப்பவர்கள் செய்தித்தாளை மடித்துவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்தால் பக்கத்து ஆளிடம் தீப்பெட்டி கேட்கவும் கத்த வேண்டும். அதற்குள்ளேயேதான் போகிற வழியெல்லாம் பாடிப் பழகினார்கள். போன வசந்தத்தில் வ்லோரா நகரத்துப் பாட்டுக்கூட்டத்துக்குக் கத்திக்கொண்டும் பாடிக்கொண்டும் போய்ச் சேர்ந்தார்கள். மேடையில் முதல் வரியிலேயே ஹூசோவின் குரல் உடைந்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அதை மறக்காத ஹூசோ இந்த ஆண்டு குளிர் முடிவதற்குள் சவரத்துக்கு வந்தார். முகம் முழுக்க நுரையோடு, கூரையைப் பார்த்தபடி விஷயத்தைச் சொன்னார்.

"இந்தத் தடவ அர்ச்சிலே வேன்ல போறோம். கிரீஸ்ல சம்பாதிச்சு வாங்கியிருக்கான். உள்ள உக்காந்தா வீட்டுக் கூடம் மாதிரி இருக்குடா."

"நல்லது அண்ணே."

"வேன் குடுக்கறவன சும்மா விட முடியுமா? அவனும் மேடையில நிக்கணுங்கறான். சுருதியில."

மேடையில் ஒரு குழுவுக்கு ஐவர்தான். தசிமின் கத்தி நின்றது.

"என் எடத்துலயா?"

"கழுத்துல கத்திய வச்சுக்கிட்டு இப்படிக் கேக்காதடா."

தசிம் கத்தியைத் துண்டில் துடைத்தார். மறுபடி துடைத்தார். "என் வண்டி சத்தம் போடாம ஓடுச்சுன்னா?"

ஹூசோ சிரித்ததில் நுரை சட்டையில் தெறித்தது. "அது வண்டியா? கல்லு ஒடைக்கிற மெசின். சரி, ஒண்ணு சொல்றேன். நான் பின்னாடி உக்காருவேன். நீ திரும்பாம, இப்ப பேசற மாதிரி பேசு. எனக்குக் கேட்டுச்சுன்னா உன் வண்டிதான், உன் எடம்தான்."

தசிம் பேசுவது கண்ணாடிக்கே கேட்காது என்று ஊருக்குத் தெரியும். ஹூசோவுக்கும் தெரியும்.

முதலில் எல்லோரும் செய்கிற தப்பையே அவரும் செய்தார். கூரைக்குப் போடும் தார்த் தாளை வாங்கிவந்து வண்டியின் தரை முழுக்க ஒட்டினார். வண்டி கனத்தது, வெயிலில் புதிதாய்ப் போட்ட சாலை போல நாறியது, சத்தம் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் கரண்டி வந்தது. சத்தம் எங்கே என்று தெரியாமல் எதை அடைப்பது?

இடப்பக்கத்தில் எஞ்சின் உட்காரும் ரப்பர் கிழிந்திருந்தது. இரும்பு இரும்பின் மேல் உட்கார்ந்து வண்டி முழுவதையும் உலுக்கியது. பழைய வண்டிகளை உடைத்து விற்கும் இடத்தில் தேடி நல்லதொன்றைப் பிடித்துவந்து மாற்றினார். இருக்கைக்கு அடியிலிருந்த நடுக்கம் போயிற்று. இரைச்சல் போகவில்லை. ஒரு நடுப்பகலில் முன்மூடியைத் திறந்து வைத்து, ஜன்னல்களைக் கம்பளியால் மூடி, பெடல்களுக்குப் பக்கத்தில் தலைவைத்து மல்லாந்து படுத்தார். எஞ்சின் பக்கத்திலிருந்து ஊசி ஊசியாக வெயில் உள்ளே வந்தது. பெடல் தண்டு நுழையும் இடம், வயர்கள் நுழையும் இடம், யாரோ எப்போதோ துளைத்துவிட்டு மறந்த இடம். வெளிச்சம் வரும் வழியில்தான் சத்தமும் வருகிறது. வெளிச்சம் ஒவ்வொன்றாக அணையும்வரை ரப்பரும் சூடு தாங்கும் பசையும் வைத்து அடைத்தார்.

முன்மூடியின் அடியிலிருந்த பஞ்சு, பழைய சோள ரொட்டி போலக் கையில் உதிர்ந்தது. அங்கே கம்பளி ஒட்டலாம் என்று எடுத்துப் போனார். பெத்ரியே வழிமறித்தாள்.

"அடுப்பு மேல கம்பளி காயப்போடுவியா?"

"மாட்டேன்."

"அப்ப அங்க மட்டும் ஏன்? தரைக்குப் போடு. உங்கம்மா குடுத்த கறுப்புக் கம்பளி இருக்கு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அரிக்குது. இனிமே ஹூசோ கால அரிக்கட்டும்."

முன்மூடிக்குச் சூடு தாங்கும் வெள்ளித்தாள் பஞ்சு வந்தது. கறுப்புக் கம்பளி தரைவிரிப்புக்கு அடியில் போயிற்று. கடைசியாகக் கதவுகள். செய்தித்தாள் துண்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பார்த்தார். நான்கு கதவிலும் வெண்ணெயில் செருகியது போலக் கையோடு வந்தது. சவரக்கத்தியால் வெட்டிப் புது ரப்பர் ஒட்டினார். இப்போது தாள் கிழிந்தது, வரவில்லை. கதவு சாத்தும்போது தகரச் சத்தம் இல்லை. "தொப்" என்றது. அந்தத் தொப்புக்காகவே நாள் முழுக்கத் திறந்து திறந்து சாத்தினார்.

சோதனை நாளில் ஐவரும் ஏறினார்கள். அர்ச்சிலே தன் வேனில் பின்னால் வந்தான். வியோசா ஆற்றை ஒட்டிய சாலையில் வண்டி வேகம் எடுத்தது. தசிம் வாய் திறக்கவில்லை.

"பேசேன்டா" என்று பின்னாலிருந்து கத்தினார் ஹூசோ. கத்தத் தேவையில்லை என்பது அவருக்கு இன்னும் உறைக்கவில்லை.

தசிம் சாலையைப் பார்த்தபடி, கடையில் பேசும் அதே குரலில் சொன்னார்: "அண்ணே, உங்க வலது காதுக்குள்ள முடி வளந்திருக்கு. சனிக்கிழம வாங்க."

ஹூசோவின் கை காதுக்குப் போயிற்று. லாம்ப்ரோ வெடித்துச் சிரித்தார். சகோதரர்கள் தசிமின் முதுகில் அறைந்தார்கள். அந்த மகிழ்ச்சியில் ஹூசோ அங்கேயே ஒரு பாட்டை எடுத்தார். லாம்ப்ரோ திருப்பிக் கொடுத்தார். தசிம் சேரவில்லை, வளைவைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். சகோதரர்கள் சுருதி பிடித்தார்கள். பிடித்தது நழுவியது. படியில் இறங்கும் குடிகாரன் போலக் கீழே கீழே போயிற்று. நிறுத்தினார்கள். மறுபடி எடுத்தார்கள். மறுபடி நழுவியது.

ஊற்றடியில் வண்டியை நிறுத்தி இறங்கினார்கள். விஷயத்தைக் கேட்ட அர்ச்சிலேக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"இத்தன வருசமா எஞ்சினா அண்ணே உங்களுக்குச் சுருதி போட்டுச்சு?"

அதுதான் நடந்திருக்கிறது. சகோதரர்கள் அந்த இரைச்சலில் சாய்ந்துகொண்டே பழகியிருந்தார்கள். மேடை ஏறும்போதும் காதில் அதன் மிச்சம் இருக்கும், அதையே பிடித்துக்கொள்வார்கள்.

ஹூசோவின் முகம் இருண்டது. "அந்தச் சத்தத்தத் திருப்பிக் கொண்டுவாடா. இல்லன்னா நான் வேன்ல ஏறுறேன்."

தசிம் ஊற்றில் வாய் கொப்பளித்தார். கண்ணை மூடினார். அவர் தொண்டையிலிருந்து அது வந்தது: அடர்த்தியாக, ஒரே மட்டமாக, நடுக்கமில்லாமல். சகோதரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீட்டு வாசலைக் கண்டுகொண்டவர்கள் போல அதில் சேர்ந்துகொண்டார்கள். ஹூசோ பாட்டை எடுத்தார். கடைசி அடிவரை எதுவும் அசையவில்லை. அர்ச்சிலேயின் இருமல்கூட நின்றிருந்தது.

"எங்கேர்ந்துடா இது?" என்றார் ஹூசோ.

"நாலாவது கியர். சமதரை."

வ்லோராவுக்கு அந்த வண்டியிலேயே போனார்கள். வழியெல்லாம் தாழ்ந்த குரலில் ஒருவர் மேல் ஒருவர் புகார் சொல்லிக்கொண்டு, தொண்டை பத்திரமாக. பாடி முடித்ததும் கூட்டம் எழுந்து நின்று இன்னொரு பாட்டுக் கேட்டது. போன ஆண்டு சிரித்த முன்வரிசையும் எழுந்திருந்தது. ஓரமாக நின்ற அர்ச்சிலே தொப்பியைச் சுழற்றிக் கத்தினான். "தசிம் அண்ணே, இந்தத் தடவ அஞ்சாவது கியர் போடு!"

ஹூசோ திரும்பித் தசிமைப் பார்த்தார். தசிம் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் காற்றில் பிடித்தார், ஸ்டீயரிங் அளவு இடைவெளி விட்டு. பிறகு வலது பாதத்தால் மேடைப் பலகையை மெதுவாக அழுத்தினார்.