தட்டாத கதவுக்கு எழுதிய பதில்கள்

நான் ஒரு வீட்டுக்குள் கால் வைக்காமலே, அந்த வீட்டார் சொன்னதாக எல்லாக் கேள்விகளுக்கும் நானே பதில் எழுதினேன். அது என் கூடப்பிறந்த தங்கையின் வீடு.

இதோ, சொல்லிவிட்டேன்! இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை, முகம் தெரியாத உங்களிடம் சொல்கிறேன். முகம் தெரிந்தவர்கள் எதிரில் எனக்குப் பேச்சு வராது. அதனால், இவள் வருந்தி அழப்போகிறாள் என்று காத்திருக்காதீர்கள். நான் அழப்போவதில்லை.

நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். நாற்பத்தெட்டு வயது. பிரேசர் டவுனில் ஒற்றை அறை வீடு. கணவர் இரவுக் காவல் வேலை பார்க்கிறார். குழந்தை இல்லை. தமிழும் கன்னடமும் பேசுவேன் என்பதால், அரசாங்கத்தின் குடும்பக் கணக்கெடுப்பில் பகுதி நேர வேலை கொடுத்தார்கள். கழுத்தில் ஓர் அட்டை, கையில் ஒரு டேப்லெட். எந்தத் தெருவில் எந்த வீடு என்று அந்த டேப்லெட்தான் சொல்லும். நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. வீடு பூட்டியிருந்தால் மூன்று தடவை போக வேண்டும். பக்கத்து வீட்டில் கேட்டு எழுதக் கூடாது. நாமாக எழுதினால் வேலை போய்விடும்.

கூச்ச சுபாவக்காரிக்கு இது என்ன வேலை என்று கேட்கிறீர்களா? நானும் கேட்டுக்கொண்டதுண்டு. ஒவ்வொரு கதவின் முன்னும் உள்ளங்கை வேர்க்கும். முந்தானையில் துடைத்துக்கொண்டுதான் தட்டுவேன். “ரேஷன் கார்டை வெட்றதுக்கு வந்தியாம்மா?” என்பார்கள். “பாத்ரூம் இருக்கான்னு கேட்டியே, கட்டித் தருவியா?” என்பார்கள். தலை குனிந்து நின்று, கேட்க வேண்டியதைக் கேட்டு, எழுதிக்கொண்டு வருவேன். ஒரு வீட்டிலும் பொய் எழுதியதில்லை. அந்த ஒரு வீட்டைத் தவிர...

ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்து. பட்டியலில் பதினோராவது வீடு. குடும்பத் தலைவர் பெயர் அந்தோணி, ஆட்டோ ஓட்டுநர். என் தங்கை ஸ்டெல்லாவின் கணவர்!

சொந்தக்காரர் வீடு வந்தால் மேற்பார்வையாளர் மஞ்சுநாத் சாரிடம் சொல்ல வேண்டும். அவர் வேறு ஆளை அனுப்புவார். விதி அவ்வளவு எளிது. ஆனால் சார் சிரித்துக்கொண்டே, “சொந்தத் தங்கை வீடுன்னா இன்னும் சுலபமாச்சே, ஏன் போகமாட்டீங்க?” என்று கேட்பாரே! அதற்கு நான் என்ன சொல்வேன்?

உங்களிடம் மட்டும் சொல்கிறேன்.

அதற்கு ஏழு வருடம் முன்பு, ஸ்டெல்லாவின் மகள் ஜெனிபருக்கு என் வீட்டுப் பக்கத்துக் கான்வென்ட்டில் ஐந்தாம் வகுப்பில் இடம் கிடைத்தது. ஸ்ரீராம்புரத்திலிருந்து சிவாஜிநகர் வந்து, இறங்கி, இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை. ஸ்டெல்லா வந்து கேட்டாள்: “அக்கா, திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் உங்கூட இருக்கட்டும். ஒரு பாய் போட இடம் போதும்.”

இடமில்லை என்றேன்.

உண்மையில் காரணம் அதுவா? இல்லை. என் வீட்டில் இன்னொரு ஜோடிக் கண்கள் இருப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தனியாக இருந்து பழகியவள் நான். தெருக்குழாயடியில் பெண்கள், “தங்கச்சி புள்ளைய எடுத்து வளர்க்கிறியாமே, இனி உனக்குக் கவலையில்ல” என்று சொல்வார்கள். அந்த வார்த்தையைக் கேட்க முடியாமல்தான் மறுத்தேன். என் வீடு, என் மனம்... மறுக்க எனக்கு உரிமை இல்லையா? இருக்கிறது! இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

ஸ்டெல்லா ஒரு வருடம் பிள்ளையை இரண்டு பஸ்ஸில் அனுப்பிப் பார்த்தாள். பிள்ளைக்குக் காய்ச்சல்மேல் காய்ச்சல். பிறகு நிறுத்தி, வீட்டருகே ஏதோ பள்ளியில் போட்டதாகக் கேள்விப்பட்டேன். அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவளும் வரவில்லை.

ஆனால் இந்த வேலை இருக்கிறதே, இது பொல்லாத வேலை. பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் என்று என் விரலாலேயே எழுத வைத்தது. இடமில்லை என்று யாரும் அங்கே சொல்லவில்லை!

சரி, அந்த நாளுக்கு வருகிறேன்.

ஸ்டெல்லாவின் வீட்டுக்கு எதிரில் ஒரு பேக்கரி. அதன் வாசலில் நின்று டீ வாங்கினேன். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே குக்கர் விசில் கேட்டது. இருபது அடி நடந்தால் போதும். நடக்கவில்லை. டேப்லெட் நாம் நிற்கும் இடத்தையும் பதிவு செய்யும். இருபது அடி தூரம் அதற்கு ஒரு பொருட்டில்லை. ஏற்றுக்கொண்டது.

எழுதினேன். சமையல்... கேஸ். தண்ணீர்... குழாய். தரை... சிமென்ட். உறுப்பினர்கள் நான்கு பேர். கணவன், மனைவி, மகள், மகன். ஜெனிபருக்கு வயது பதினேழு. படிக்கிறாரா என்ற கேள்வி வந்தது.

டீ ஆறிப்போகும் வரை அந்தக் கேள்வியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, ‘படிக்கிறார், பி.யு.சி. இரண்டாம் ஆண்டு’, அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, என்று போட்டேன். யார் என்னைத் தடுப்பது?

அடுத்த வாரம் மஞ்சுநாத் சார் போன் செய்தார். மறுசோதனைக்குச் சில வீடுகளைப் பொறுக்கியிருந்தார். அதில் பதினோராவது வீடும் இருந்தது. “அந்தச் சந்தெல்லாம் எனக்குப் புரியாது. நீங்களே வந்து வழி காட்டுங்க. வீட்டுக்காரங்க வேலைக்குக் கிளம்புறதுக்குள்ள பிடிக்கணும்” என்றார்.

காலை எட்டு மணி. அவர் கதவைத் தட்டினார். நான் அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன். ஸ்டெல்லா ஒரு வார்த்தை சொன்னால் போதும், என் வேலை போய்விடும். பொய்க்காரி என்ற பெயரோடு போகும்.

ஸ்டெல்லா ஈரக் கையோடு வந்தாள். தலையில் நரை ஏறியிருந்தது.

“ஈ மேடம் ஹோத வாரா பந்தித்ரா?” என்று சார் கேட்டார். போன வாரம் இந்த மேடம் வந்தாரா என்கிறார்.

அவள் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். கழுத்து அட்டையைப் பார்த்தாள். டேப்லெட்டைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“பந்தித்ரு சார்” என்றாள், வந்தார் என்று. பிறகு என்னிடம், தமிழில்: “உக்காந்து டீ குடிச்சிட்டுத்தானே போனீங்க மேடம்? மறந்துட்டீங்களா?”

மேடம்! என் தங்கை என்னை மேடம் என்றாள்...

சார் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். தண்ணீர் சரி. கேஸ் சரி. அவரும் தனக்குத் தெரிந்த தமிழுக்கு மாறினார்: “மகள் ஜெனிபர். பி.யு.சி. செகண்ட் இயர். சரிதானேம்மா?”

அந்த நேரத்தில்தான் ஜெனிபர் உள்ளேயிருந்து வந்தாள். தோளில் சாப்பாட்டுப் பை. கழுத்தில் கார்மென்ட்ஸ் கம்பெனி அட்டை. சார் கேட்டது அவள் காதிலும் விழுந்திருந்தது. அட்டையை மெல்லத் துப்பட்டாவுக்குள் தள்ளினாள்.

ஸ்டெல்லா மகளைத் திரும்பிப் பார்த்தாள்.

“சரிதான் சார்” என்றாள். “எங்க வீட்டைப் பத்தி எங்களைவிட மேடத்துக்கு நல்லாத் தெரியும்.”

“ஆமா சார், எக்ஸாம் வருது” என்றாள் ஜெனிபர். சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் உங்களுக்கு விவரிக்கமாட்டேன். பிறகு என் பக்கம் திரும்பி, “கொஞ்சம் வழி விடுங்க மேடம், பஸ் போயிடும்” என்றாள். என்னை உரசாமல், சுவரை ஒட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

சாருக்கு மகிழ்ச்சி. “வெரி குட்” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நான் வாசலிலேயே நின்றேன்.

“ஸ்டெல்லா...”

“உனக்காகச் சொன்னேன்னு நினைக்காத” என்றாள் மெதுவாக. “தெருவுல வெச்சு நாறவேணாம்னுதான் சொன்னேன். டென்த்தோட நின்னுட்டா. பி.யு.சி.யாம், பி.யு.சி.! பேப்பர்ல படிக்க வெக்கத் தெரியுதில்ல... அன்னைக்கு ஒரு பாய் போட இடம் குடுத்திருந்தா என்னக்கா?”

கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்று மாலை ஆறு மணி வரை திருத்தம் செய்ய அனுமதி இருந்தது. சிவாஜிநகர் பஸ் நிலையத்தில் ஓர் இருக்கையில் உட்கார்ந்து டேப்லெட்டைத் திறந்தேன். ஜெனிபரின் வரிக்குப் போனேன். ‘படிக்கிறார்’ என்பதை எடுத்துவிட்டு, ‘படிப்பை நிறுத்திவிட்டார்’ என்று மாற்றினேன்.

மாற்றியதும் இன்னொரு கேள்வி திறந்தது. நிறுத்தியதற்குக் காரணம் என்ன? கீழே பதில்கள். கட்டணம் கட்ட முடியவில்லை. விருப்பமில்லை. வீட்டு வேலை. பள்ளி தூரம். மற்றவை... குறிப்பிடுக.

எத்தனையோ வீடுகளில் தயங்காமல் கேட்ட கேள்விதான். ‘மற்றவை’யைத் தொட்டேன். வெற்றுக் கட்டம் ஒன்று வந்தது. அதில் என் பெயரை எழுதினேன். முழுப் பெயரை, கணவர் பெயரின் முதலெழுத்தோடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டிப் பார்ப்பதுபோல் இருந்தது. அழித்தேன்.

‘படிக்கிறார்’ என்று மறுபடி மாற்றி, அனுப்பிவிட்டேன்.

பயந்துவிட்டாள் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்! ஒரு தெருவே சேர்ந்து கொடுக்காத படிப்பை, ஒரு தாய் எவ்வளவு கெஞ்சியும் கிடைக்காத படிப்பை, நான் ஒரு வரியில் கொடுத்தேன். அரசாங்கத்தின் ஏதோ ஓர் எண்ணிக்கையில் அந்தப் பெண்ணும் பி.யு.சி. படித்தவர்களோடு சேர்ந்திருப்பாள். அவளை அங்கிருந்து எடுக்கச் சொன்னால் இன்றும் எடுக்கமாட்டேன். இந்த வரியால் அவளுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தெரியாதா?

வேலையை விடவில்லை. இப்போதும் கதவுகளைத் தட்டுகிறேன். ஸ்ரீராம்புரம் பக்கம் வீடுகள் வந்தாலும் மறுப்பதில்லை.

ஜெனிபர் கார்மென்ட்ஸுக்குப் பஸ் ஏறும் நிறுத்தம் எனக்குத் தெரியும். எட்டே கால் மணிக்கு ஏறுகிறாள். அந்த வழியாகப் போக வேண்டிய நாட்களில், நான் ஒன்பது மணிக்கு மேல்தான் போகிறேன்.