கோர்ரேயா, கோர்ராவா

1972 அக்டோபர் 14, சனிக்கிழமை, காலை ஏழு பத்து. மழை விட்டு இரண்டாம் நாள். வானத்தில் மேகம் இல்லை. அதனால் எங்கள் தெருவின் நீளத்துக்குப் பட்டிழைகளை இழுத்துக் கட்டிப் பாவு நீட்டியிருந்தார்கள்.

நான் அப்போது ஒரு பட்டுக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தேன். பட்டு வாங்க ஸ்பெயினிலிருந்து ஒருவர் வந்திருந்தார். வயது அறுபத்திரண்டு. அவருக்குத் துணையாக என்னை அனுப்பிய முதலாளி, "அவரு மேல ஒரு கீறல் பட்டுது, அப்புறம் நீ இந்தப் படி ஏறாதப்பா" என்றார்.

பத்தொன்பது நாளில், ஒரு புத்தகத்தைப் பார்த்து, முப்பத்தொரு ஸ்பானிய ஏவல் சொற்களைப் படித்திருந்தேன். விதி எளிது. கோர்ரேர் என்றால் ஓடுதல். கடைசி 'ர்' போனால் கோர்ரே, ஓடு. பாரார் என்றால் நிறுத்துதல்; பாரா, நிறுத்து. மரியாதை வேண்டுமானால் கடைசி உயிரெழுத்தை மாற்ற வேண்டும். பாரா, பாரே ஆகும். கோர்ரே, கோர்ரா ஆகும்: ஓடுங்கள்.

வாலாஜாபாத் பக்கத்து ஆள் ஒருவன் சைக்கிளோடு பாவுக்குள் புகுந்துவிட்டான். இழைகள் அறுந்தன. எத்தனை என்று எண்ண முடியாமல் போனது இன்றும் உறுத்துகிறது. பாவுக்காரர் அவன் சட்டையைப் பிடித்து இழுத்துத் தள்ளி மூங்கில் கழியால் அடித்தார். நான்காவது அடியில் மூக்கு உடைந்தது. ஏழாவதில் அவன் மண்ணில் கிடந்தான். எட்டாவதற்குக் கழி உயர்ந்தபோது என் பக்கத்திலிருந்த ஸ்பெயின் பெரியவர் கத்தினார்: "பாரா! பாரா!"

பாவுக்காரர் திரும்பினார். "யாரப் பாத்து பார்றான்ற? என் தெருவுல நின்னுக்கினு என்னையே பார்றாவா? இப்ப நீ பார்றா!"

கழியோடு ஓடி வந்தார். பதினைந்து அடி தூரம். பெரியவரை ஓடச் சொல்ல வேண்டும். கோர்ரே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அப்பா வயதுக்காரரை ஓடு என்பதா? கடைசி எழுத்தை மாற்றி "கோர்ரா" என்று நான் முடிப்பதற்குள் அவர் தோளில் அடி விழுந்துவிட்டது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. குறுக்கே பாய்ந்தேன். அடுத்த அடி என் வாயில்.

"பார்றா இல்லபா! நிறுத்துன்னாரு!" ரத்தத்தோடு சொன்னேன்.

"அத நிறுத்துன்னே சொல்றதுக்கு இன்னா அந்தாளுக்கு?" என்றார் பாவுக்காரர். கழியை அப்போதும் கீழே போடவில்லை.

ஆஸ்பத்திரியில் பெரியவர், ஏன் தாமதித்தாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். படித்த முப்பத்தொன்றும் ஏவல். காரணம் சொல்ல என்னிடம் ஒரு சொல் இல்லை.

முதலாளி கடைப்படியிலேயே நின்று மறித்துவிட்டார். "இதுக்குப் பேரு கீறலாப்பா?"

மாதம் நூற்றுப் பத்து ரூபாய் வேலை அன்றோடு போனது. பெரியவர் எலும்புக்கு நூற்று முப்பது, என் இரண்டு பல்லுக்கு அறுபத்தெட்டு. ஆக நான் கட்டியது நூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாய்.